இயற்கைப் பருத்தி உடம்புக்கா, ஊருக்கா?

ஜவுளிக்கடைக்குப் போனால் இப்போது ஒரு புது வார்த்தை காதில் விழுகிறது. முன்பெல்லாம் "சுத்தக் காட்டன் அம்மா, சாயம் போகாது" என்று சொன்னால் போதும். நாமும் தடவிப் பார்த்துவிட்டு விலை பேசுவோம். இப்போது கடைப் பையன் மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து, "இது ஆர்கானிக் காட்டன்க்கா. கெமிக்கலே கிடையாது. குழந்தைக்கு ஒண்ணும் செய்யாது" என்கிறான். விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்தால் பக்கத்தில் இருக்கும் சாதா ஜப்லாவைப் போல இரண்டு மடங்கு! வாங்காமல் வந்தால் குழந்தைக்குக் குறை வைத்துவிட்டோமோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. வாங்கி வந்தாலோ, வீட்டுக்காரர் விலையைக் கேட்டுவிடப் போகிறாரே என்று பையை உள்ளறையில் ஒளித்து வைக்க வேண்டியிருக்கிறது.

"இது நிஜமா, இல்லை வியாபாரத் தந்திரமா?" என்று வாசகிகள் சிலர் கேட்டு எழுதியிருக்கிறார்கள். நான் பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவள்தான். ஆனால் பிறந்து வளர்ந்தது கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டில். சின்ன வயசில் பள்ளிக்கூடம் இல்லாத நாளில் மடியைக் கட்டிக்கொண்டு பருத்தி எடுத்திருக்கிறேன். வாழ்க்கைப்பட்டு வந்தது திருப்பூர்ப் பக்கம். பனியனும் சாயமும் இல்லாத பேச்சே இங்கே கிடையாது. ஆகப் பருத்தியின் தலையையும் வாலையும் பார்த்தவள் என்ற தைரியத்தில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இழையில் வித்தியாசம் இல்லை

இயற்கைப் பருத்தி என்றால் ஏதோ தனி ஜாதிப் பஞ்சு என்று நினைக்க வேண்டாம். செடி அதே செடிதான். வளர்க்கும் முறை வேறு. ரசாயன உரம் போடக்கூடாது. ரசாயனப் பூச்சிமருந்து அடிக்கக்கூடாது. களைக்கொல்லி கூடாது. மரபணு மாற்றிய விதையை ஊன்றக்கூடாது. முக்கியமான விதிகள் இவைதான். இன்றைக்கு மருந்தை நிறுத்திவிட்டு நாளைக்கே 'இயற்கை' என்று விற்கவும் முடியாது. இரண்டு மூன்று வருஷம் நிலத்தைப் பழக்க வேண்டும். சான்று கொடுக்கும் நிறுவனத்தார் வந்து வயலையும் கணக்கையும் பார்க்க வேண்டும். பிறகுதான் சான்று. நம் நாட்டில் இதற்கென்று மத்திய அரசின் திட்டம் 2001-லிருந்து நடைமுறையில் இருக்கிறது.

அப்படியானால் பூச்சியை என்ன செய்வார்கள்? வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்த கரைசலை அடிப்பார்கள். வரப்போரம் ஆமணக்கும் செண்டுமல்லியும் நட்டுப் பூச்சியை அங்கே இழுப்பார்கள். நடுவில் உளுந்தும் தட்டைப்பயறும் ஊடுபயிராக விதைத்து, நன்மை செய்யும் பூச்சிகளுக்கு இடம் கொடுப்பார்கள். ஆண் அந்துப்பூச்சியை ஏமாற்றிப் பிடிக்கும் பொறி வைப்பார்கள். தொழு உரம், மண்புழு உரம் போடுவார்கள். ஒரே பருத்தியை வருஷா வருஷம் போடாமல் பயிரை மாற்றுவார்கள். நம் பாட்டன்மாருக்கு இதில் பாதி தெரிந்த சங்கதிதான்.

சரி, இப்படி வளர்த்த பஞ்சு மற்றப் பஞ்சைவிட மெத்தென்று இருக்குமா? இருக்காது. இதைக் கேட்டால் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆனால் உண்மை அதுதான். துணி மிருதுவாக இருப்பதும் முரடாக இருப்பதும் பருத்தி ரகத்தையும், நூல் நூற்ற பக்குவத்தையும், நெய்த விதத்தையும் பொறுத்தது. கோவையில் உருவாக்கி 1974-ல் வெளியிட்ட 'சுவின்' என்ற ரகத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 'சுஜாதா' என்ற நம் ரகத்தையும் மேற்கிந்தியத் தீவுகளின் 'செயின்ட் வின்சென்ட்' ரகத்தையும் சேர்த்து, இரண்டின் பெயரையும் ஒட்டவைத்து 'சுவின்' என்று பெயரிட்டார்கள். மிக நீளமான இழை. பட்டுப்போல நூல் வரும். ரசாயன உரம் போட்டு வளர்த்தாலும் சுவின் சுவின்தான். குட்டை இழை ரகத்தை எத்தனை பக்தியோடு இயற்கை முறையில் வளர்த்தாலும் அது சுவின் ஆகிவிடாது.

இரண்டு துணியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோ, தடவியோ, முகர்ந்தோ, நூலை எரித்தோ எது இயற்கை என்று வீட்டில் கண்டுபிடிக்க வழியில்லை. நூலை எரித்தால் பாலியெஸ்டர் கலந்திருக்கிறதா என்று தெரியும். பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். அந்தச் சோதனை அதோடு சரி.

விஷம் எங்கே போகிறது?

"பருத்திக்குத்தான் அதிகமாக மருந்து அடிக்கிறார்களாமே, அந்த விஷம் துணியில் இருக்காதா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். செடியில் அடித்த மருந்தில் கொஞ்சம் பஞ்சில் ஒட்டியிருக்கலாம். ஆனால் பஞ்சு அப்படியே சட்டையாகிவிடுவதில்லை. நூலாகித் துணியானதும் காரம் போட்டு வேகவைக்கிறார்கள், வெளுக்கிறார்கள், பலமுறை அலசுகிறார்கள். இத்தனையும் தாண்டி நம் உடம்பில் படும்போது மிஞ்சுவது மிக மிகக் குறைவு. சாதாப் பருத்தித் துணி உடுத்தினால் பூச்சிமருந்து உடம்பில் ஏறிவிடும் என்று பயமுறுத்துபவர்களை நம்ப வேண்டாம்.

அப்படியானால் அந்த விஷம் எங்கேதான் போகிறது? இதைச் சொல்ல எங்கள் வீட்டுக் கதையையே சொல்ல வேண்டும்.

எங்கள் தாத்தா காலத்தில் கரிசலில் மானாவாரியாகக் கருங்கண்ணிப் பருத்தி போடுவார்கள். மழையை நம்பி வளரும் நாட்டுப் பருத்தி. பூச்சிக்கு லேசில் சாயாது. மருந்து என்று தனியாக ஒன்றும் அடித்ததில்லை. ஆனால் இழை குட்டை. வேகமாக ஓடும் மில்லுக்கு நீள இழை வேண்டும், விலையும் அதற்குத்தான். அதனால் எங்கள் ஐயா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) கிணற்றுத் தோட்டத்தில் நீள இழை ரகம் போட்டார். பருத்தி நன்றாகத்தான் வந்தது. கூடவே காய்ப்புழுவும் வந்தது, தத்துப்பூச்சியும் வெள்ளை ஈயும் வந்தன. பத்து நாளைக்கு ஒரு தரம் மருந்தடி.

1980-களின் கடைசி அது. ஐயா முதுகில் டேங்கை மாட்டிக்கொண்டு, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, காற்றுக்கு முதுகைக் காட்டி நடப்பார். காற்று சொன்னபடி கேட்குமா? நடுவில் திரும்பிக்கொள்ளும். சாயங்காலம் வீட்டுக்குள் வரமாட்டார். கிணற்றடியிலேயே குளித்துவிட்டு வருவார். அவர் அவிழ்த்துப் போட்ட சட்டையை அம்மா குச்சியால் எடுத்து, எங்கள் துணியோடு சேர்க்காமல், தனிக் கல்லில் தனியாகத் துவைப்பார். "அதைத் தொட்டீங்க, கையை ஒடிச்சிருவேன்" என்று எங்களை விரட்டுவார். மருந்தடித்த ராத்திரி ஐயாவுக்குச் சோறு இறங்காது, தலை வலிக்கும். ஒருமுறை கண் இருட்டி வரப்பிலேயே சாய்ந்துவிட்டார். வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான்கு நாள் கழித்துத்தான் திரும்பி வந்தார். அந்த நான்கு நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியம்மாதான் எங்களுக்குச் சோறு போட்டார்.

அந்தத் தோட்டத்துப் பருத்தியும் எங்கேயோ நூலாகி, துணியாகி, யாருக்கோ தீபாவளிப் பாவாடையாகத்தான் போயிருக்கும். அந்தப் பாவாடையில் விஷம் இருந்திருக்காது. விஷம் ஐயாவின் சட்டையோடு நின்றுவிட்டது.

மருந்தடிப்பது பெரும்பாலும் ஆண்கள் என்றால், பருத்தி எடுப்பது முழுக்கப் பெண்கள். வேப்பமரத்தில் தூளி கட்டிக் குழந்தையைப் போட்டுவிட்டு, மருந்து காய்ந்த செடிக்குள் இடுப்பு மட்டும் நுழைந்து எடுப்பார்கள். அதே கையால் குழந்தையைத் தூக்கிப் பால் கொடுப்பார்கள். இதெல்லாம் பழங்கதை என்று ஒதுக்கவும் முடியாது. 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் கூலிக்காரர்களும் நூற்றுக்கணக்கில் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். இருபது பேருக்கு மேல் இறந்துபோனார்கள். பேப்பரில் படித்தபோது எனக்கு அந்தக் கிணற்றடிதான் ஞாபகம் வந்தது.

"பி.டி. பருத்தி வந்த பிறகு மருந்து குறைந்துவிட்டதே?" என்பீர்கள். பி.டி. என்பது மண்ணில் இருக்கும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் செடிக்குள் புகுத்திய ரகம். காய்ப்புழு அந்தச் செடியைத் தின்றால் செத்துவிடும். நம் நாட்டில் 2002-ல் இதற்கு அனுமதி கொடுத்தார்கள். இப்போது பருத்தி விளையும் நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இதுதான். வந்த புதிதில் காய்ப்புழுவுக்கான மருந்தடி நன்றாகவே குறைந்தது. அதை மறுப்பது நியாயமில்லை. ஆனால் சாற்றை உறிஞ்சும் பூச்சிகளை பி.டி. ஒன்றும் செய்யாது. காய்ப்புழுவிலும் இளஞ்சிவப்புக் காய்ப்புழு வருஷங்கள் போகப் போக அதற்குப் பழகிக்கொண்டது. டேங்க் மறுபடி முதுகில் ஏறிவிட்டது. யவத்மாலில் போட்டிருந்ததும் பெரும்பாலும் பி.டி. பருத்திதான்.

ஆகவே, இயற்கைப் பருத்தியால் முதலில் நன்மை அடைகிறவர்கள் காட்டில் நிற்பவர்கள். அவர்கள் மூச்சும், அவர்கள் கிணற்றுத் தண்ணீரும், அவர்கள் மண்ணும். நாம் உடுத்துவது அப்புறம்தான்.

விளைச்சலும் வரவும்

இத்தனை நல்லது என்றால் எல்லா விவசாயியும் ஏன் மாறவில்லை? மாறுகிறவனுக்கு முதல் இரண்டு மூன்று வருஷம் சோதனைக் காலம். விளைச்சல் குறையும், சான்று வராததால் கூடுதல் விலையும் வராது. பி.டி. அல்லாத நல்ல விதை கிடைப்பதும் கஷ்டம். பக்கத்துக் காட்டுக்காரர் பி.டி. போட்டிருந்தால் மகரந்தம் வரப்புத் தாண்டி வந்துவிடும். வேப்பங்கொட்டை இடிக்க, களை எடுக்க ஆள் வேண்டும். அந்த வேலையும் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் தலையில்தான் விழும்.

மத்தியப் பிரதேசத்தில் 2007-லிருந்து இரண்டு முறையையும் பக்கத்துப் பக்கத்தில் பயிரிட்டு ஒப்பிட்டு வருகிறார்கள். மாறிய தொடக்கத்தில் இயற்கை முறையில் பருத்தி விளைச்சல் நன்றாகவே குறைந்தது. பிறகு அந்த இடைவெளி சுருங்கியது. உரம், மருந்துச் செலவு இல்லாததால் கையில் நின்ற லாபம் ஏறக்குறையச் சமமாகவே வந்தது. கடன் வாங்கி மருந்து வாங்குகிற ஏழை விவசாயிக்கு 'செலவு குறைவு' என்பது எத்தனை பெரிய விஷயம் என்று கடன்பட்டவர்களுக்குத் தெரியும். மழை ஏமாற்றிய வருஷம் பயிர் போனாலும் மருந்துக்கடைக் கடனாவது மிஞ்சாது பாருங்கள்.

இன்னொன்று. "இயற்கைப் பருத்திக்குத் தண்ணீர் மிகக் குறைவு" என்று பெரிய பெரிய எண்களைப் போட்டு விளம்பரம் வருகிறது. அதை அப்படியே விழுங்காதீர்கள். மழையை நம்பிய மானாவாரிப் பருத்திக்கு நாம் தண்ணீர் இறைப்பதில்லை. கிணற்றுப் பருத்திக்கு இறைக்கிறோம். இயற்கைப் பருத்தி பெரும்பாலும் மானாவாரியில் விளைவதால் கணக்கில் தண்ணீர் குறைவாகத் தெரிகிறது. எங்கள் தாத்தாவின் கருங்கண்ணியைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். மண்ணில் மக்கு கூடினால் ஈரம் கொஞ்சம் தங்கும் என்பது வாஸ்தவம். அதற்கு மேல் மந்திரம் இல்லை.

சாயப்பட்டறையைத் தாண்டி

பருத்தி காட்டிலிருந்து நம் பீரோவுக்கு வரும் வழியில்தான் நம் தோலுக்கு வேண்டிய விஷயம் இருக்கிறது. துணியை வெளுக்க, சாயம் ஏற்ற, மெருகேற்ற, சுருங்காமல் இருக்க என்று ஒவ்வொன்றுக்கும் ரசாயனம். கசங்காத சட்டைத் துணிக்குப் போடும் பூச்சில் பார்மால்டிஹைடு உண்டு. புதுத் துணியைப் பிரித்ததும் மூக்கில் ஏறும் அந்தக் காரமான நெடி சில சமயம் அதுதான். தோல் மெல்லியவர்களுக்கு அதனால் அரிப்பு, தடிப்பு வரும். சில வகை அஸோ சாயங்கள் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக மாறக்கூடியவை என்று தெரிந்து, 1990-களில் முதலில் ஜெர்மனியும் பிறகு நம் நாடும் அவற்றைத் தடை செய்தன.

காட்டில் சுத்தமாக வளர்ந்த பஞ்சுக்கு ஊரைக் கெடுக்கும் சாயத்தை ஏற்றினால் பிரயோஜனம் என்ன? நொய்யல் ஆற்றை எங்கள் பக்கத்து மனிதர்களைக் கேட்டுப் பாருங்கள். சாயக் கழிவு கலந்து, ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீர் பாசனத்துக்கே உதவாமல் போயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தினால்தான் நடத்தலாம் என்றாயிற்று. அந்த மாதங்களில் எத்தனை வீட்டில் சம்பளம் இல்லை என்பதும் தெரியும். எத்தனை தோட்டத்தில் தென்னை கருகியது என்பதும் தெரியும். பருத்தியைப் பற்றிப் பேசினால் இரண்டையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

சீட்டைப் படிக்கத் தெரிய வேண்டும்

மளிகைச் சாமானில் தேதி பார்த்து வாங்குகிறோம் அல்லவா, துணியிலும் அப்படிச் சீட்டைப் பார்க்கப் பழக வேண்டும்.

'ஜி.ஓ.டி.எஸ்.' என்று ஒரு சான்று உண்டு. உலக அளவில் ஒப்புக்கொண்ட தரம். இது காட்டிலிருந்து கடைசித் தையல் வரை பார்க்கிறது. 'ஆர்கானிக்' என்று போட வேண்டுமானால் நூற்றுக்கு 95 பங்காவது சான்று பெற்ற இயற்கை இழையாக இருக்க வேண்டும். 'ஆர்கானிக் கொண்டு தயாரித்தது' என்றால் குறைந்தது 70 பங்கு. குளோரின் வெளுப்பு, பார்மால்டிஹைடு, கெட்ட சாயம் இவற்றுக்கு இடமில்லை. சாயத் தண்ணீரைச் சுத்திகரிக்க வேண்டும். வேலைக்காரர்களை நடத்தும் விதத்துக்கும் விதி உண்டு. முக்கியமாக, சீட்டில் சான்று கொடுத்தவர் பெயரும் உரிம எண்ணும் இருக்கும். வெறும் முத்திரை மட்டும் இருந்து எண் இல்லாவிட்டால் நம்ப வேண்டாம்.

'ஓ.சி.எஸ்.' என்றால் பஞ்சு இயற்கைப் பஞ்சு என்று மட்டும் சொல்கிறது. சாயத்தைப் பற்றி அது பேசாது.

'ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100' என்றால் முடிந்த துணியைச் சோதித்து, கெடுதல் செய்யும் பொருள் அளவுக்கு மேல் இல்லை என்று சொல்கிறது. பருத்தி எப்படி விளைந்தது என்று அது பேசாது. மூன்று வயசு வரை உள்ள குழந்தைகளின் துணிக்கு இதில் மிகக் கடுமையான முதல் வகுப்பு ஒன்று உண்டு. குழந்தையின் தோல் ஒன்றுதான் உங்கள் கவலை என்றால் இந்தச் சீட்டே போதும்.

'பெட்டர் காட்டன்' என்பது மருந்தையும் தண்ணீரையும் பார்த்துச் செலவழிக்கச் சொல்லிக்கொடுக்கும் திட்டம். நல்லதுதான்; ஆனால் இயற்கைப் பருத்தி அல்ல.

'பயோ வாஷ்' என்று பனியனில் போட்டிருப்பதைப் பார்த்து இயற்கை என்று நினைத்துவிடாதீர்கள். துணியின் மேல் நிற்கும் பிசிறை நொதி போட்டு எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், அவ்வளவுதான். கதர், கைத்தறி இரண்டும் நூற்ற விதத்தையும் நெய்த விதத்தையும் சொல்கின்றன. பருத்திக்கு மருந்து அடித்தார்களா என்று சொல்வதில்லை. 'நேச்சுரல்', 'ஈகோ', 'பியூர்' போன்ற வார்த்தைகளுக்குப் பின்னால் சான்று எண் இல்லையென்றால் அவை வெறும் அலங்காரம்.

சான்று இருந்தாலும் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. உலகத்தில் அதிகமாக இயற்கைப் பருத்தி விளைவிக்கும் நாடு நம் நாடு. பெரும்பகுதி மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், ஒடிசா, குஜராத் பக்கம் விளைகிறது. அப்படிப்பட்ட நம் நாட்டில்தான் 2020-ல் 20,000 டன் பஞ்சுக்குப் பொய்ச் சான்று காட்டியிருந்ததை ஜி.ஓ.டி.எஸ். நிறுவனமே கண்டுபிடித்து, 11 கம்பெனிகளை விலக்கிவைத்தது. ஆகக் கேள்வி கேட்பது நம் உரிமை. "எண் எங்கே?" என்று கேட்டால் கடைக்காரர் கோபித்துக்கொள்ளமாட்டார். கோபித்துக்கொண்டால் வேறு கடை பாருங்கள்!

விலையில் விவசாயிக்கு எவ்வளவு?

இப்போது நம் சமையலறைக் கணக்கு ஒன்று போடுவோம். பிறந்த குழந்தையின் ஜப்லா ஒன்று 50 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மில்லிலும் தையலிலும் வீணாவதைச் சேர்த்தால் 60, 65 கிராம் பஞ்சு வேண்டும். கொட்டையோடு எடுத்த பருத்தியை அரைத்தால் மூன்றில் ஒரு பங்குதான் பஞ்சு, மற்றது கொட்டை. ஆக ஒரு ஜப்லாவுக்கு ஏறக்குறைய 200 கிராம் பருத்தி. 2024-25 பருவத்தில் நீள இழைப் பருத்திக்கு அரசாங்கம் அறிவித்த ஆதரவு விலை குவின்டாலுக்கு 7,521 ரூபாய், அதாவது கிலோ 75 ரூபாய். 200 கிராமுக்கு 15 ரூபாய். இயற்கை என்பதற்காகக் கிலோவுக்குப் பத்து ரூபாய் கூட்டிக் கொடுத்தாலும் ஜப்லாவுக்கு இரண்டே ரூபாய்தான் ஏறும்!

சான்றுச் செலவு உண்டு. சாதாப் பஞ்சோடு கலக்காமல் தனியாக அரைத்து, தனியாக நூற்று, தனியாகச் சாயம் ஏற்ற வேண்டும். அதற்கு ஆகும் செலவை நான் குறைசொல்லவில்லை. ஆனால் சாதா ஜப்லாவைவிட 200 ரூபாய் அதிகம் சொல்லும்போது, அந்த 200 விவசாயிக்குப் போகிறது என்று நினைத்துச் சந்தோஷப்பட வேண்டாம். விலை அதிகமாக இருப்பதால் மட்டும் காட்டில் நிற்பவனுக்கு நல்லது நடந்துவிடாது. விவசாயிகள் குழுவிடமிருந்து நேரடியாக வாங்கி நெய்து விற்கும் இடங்கள் இருக்கின்றன. கருங்கண்ணியைக் கைராட்டையில் நூற்று நெய்பவர்களும் இருக்கிறார்கள். எங்கிருந்து பருத்தி வந்தது என்று ஊர் பேரோடு சொல்லக்கூடிய இடத்தில் வாங்கினால் மனசுக்கும் நிம்மதி.

வீட்டில் செய்ய வேண்டியது

நம் பெரியவர்கள் பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடமாட்டார்கள். தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்துத்தான் சுற்றுவார்கள். நூறு தடவை துவைத்து, வெயிலில் காய்ந்து, கஞ்சியும் பூச்சும் போய், மெத்தென்று ஆன துணி. குழந்தையின் தோலுக்கு அதைவிட ஒரு துணி இல்லை. அது இயற்கைப் பருத்தியா இல்லையா என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. மகளுக்கோ மருமகளுக்கோ பிரசவம் நெருங்கினால் முதலில் பீரோவின் அடித்தட்டைத் தேடுங்கள்.

புதுத்துணி எதுவானாலும் துவைக்காமல் உடுத்தாதீர்கள். ஒரு ராத்திரி வெறும் தண்ணீரில் ஊறவைத்து, சோப்புப் போட்டுத் துவைத்து, இரண்டு மூன்று தரம் அலசுங்கள். குழந்தைத் துணியென்றால் இரண்டு முறை துவையுங்கள். உப்புப் போட்டால், வினிகர் விட்டால் சாயம் நிற்கும் என்பார்கள். இப்போதைய சாயங்களுக்கு அது பெரிதாக உதவாது. மிச்சச் சாயத்தை அலசி வெளியேற்றுவதே வழி. ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்து, சாயம் ஒட்டினால் அதைக் குழந்தைக்குப் போட வேண்டாம். குழந்தை வாயில் வைத்துச் சப்பும் துணி, சாயமில்லாததாகவோ வெளிர் நிறமாகவோ இருக்கட்டும். 'கசங்காது, இஸ்திரி வேண்டாம்' என்ற துணி தோல் மெல்லியவர்களுக்கு ஆகாது.

கரப்பான் உள்ள குழந்தைக்கு இயற்கைப் பருத்தி போட்டால் குணமாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பிக் காசைக் கொட்டாதீர்கள். மிருதுவான பருத்தி எதுவானாலும் சுகம் தரும். மருந்துக்கு டாக்டரிடம்தான் போக வேண்டும். மாதவிலக்குக்கான நாப்கினிலும் இதே கதைதான். அரிப்பு வருவது பெரும்பாலும் மேலே உள்ள பிளாஸ்டிக் விரிப்பாலும், வாசனைத் திரவியத்தாலும், உஷ்ணத்தாலும், மாற்றாமல் நேரம் கடத்துவதாலும். சுத்தமாகத் துவைத்து நல்ல வெயிலில் உலர்த்திய பருத்தித் துணி, சாதாவாக இருந்தாலும் உறுத்தாது.

இத்தனையும் சொன்ன பிறகு, "நீங்கள் வாங்குவீர்களா?" என்று கேட்பீர்கள். வாங்குகிறேன், ஆனால் எல்லாவற்றையும் அல்ல. வருஷத்தில் ஆறு சாதாத் துணி எடுக்கும் காசில் நான்கு எடுத்து, அதில் ஒன்றோ இரண்டோ எண் போட்ட, ஊர் தெரிந்த இயற்கைப் பருத்தியாக எடுக்கிறேன். எடுத்ததைக் கிழியும் வரை உடுத்துகிறேன். ஒரு துணியைக் கூட இரண்டு வருஷம் உடுத்தினால் அந்த அளவுக்குப் பருத்தியும் மருந்தும் சாயமும் மிச்சம் என்பது எந்தச் சான்றும் இல்லாமலே நிஜம். கையில் காசு இறுக்கமாக இருக்கும் சகோதரிகள் சாதாப் பருத்தியைத் துவைத்து உடுத்துங்கள். குழந்தைக்குக் குறை வைத்தோம் என்று ஒரு நிமிஷமும் வருந்த வேண்டாம். கொஞ்சம் தாராளமாகச் செலவழிக்க முடிந்தவர்கள், 'என் குழந்தையின் தோலுக்காக' என்று வாங்குவதைவிட 'இன்னொரு குழந்தையின் அப்பாவுக்காக' என்று வாங்குங்கள். அப்போதுதான் எண்ணைக் கேட்பீர்கள், ஊரைக் கேட்பீர்கள், விவசாயிக்கு எவ்வளவு போகிறது என்று கேட்பீர்கள். நாம் கேட்கக் கேட்கத்தான் கடைக்காரர் மில்லைக் கேட்பார், மில் காட்டைக் கேட்கும்.

அடுத்த இதழில், பழைய காட்டன் புடவைகளைக் கொண்டு மெத்தை விரிப்பும் குழந்தைத் தூளியும் தைப்பது பற்றிப் பார்ப்போம். பீரோவின் அடித்தட்டில் என்ன இருக்கிறது என்று அதற்குள் பார்த்து வையுங்கள்.